படலையில் நிற்பவருக்கு நடுக்கம், நீதிமன்றக் கடிதத்துக்கு அலட்சியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

"அக்கா, இண்டைக்குக் கட்டாட்டி உங்கட மனிசன்ர சம்பளத்தை நிப்பாட்டுவம்." கடன் அறவிட வருகிறவர் படலையில் நின்று இப்படி ஒரு சொல் சொன்னால் போதும். அன்று பின்னேரமே தோடோ சங்கிலியோ அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது இன்னொரு கொம்பனியில் புதுக் கடன் எடுக்கப்படுகிறது. அதே வீட்டு அலுமாரிக்குள் கொழும்பிலிருந்து வந்த நீதிமன்ற அழைப்பாணை உறை கிழிக்கப்படாமலே கிடக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இதுதான் வழக்கமாகிவிட்டது. படலையில் நின்று மிரட்டுகிறவருக்குச் சம்பளத்தில் கைவைக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. பிரிக்காமல் கிடக்கும் அந்த உறைக்குள் இருக்கும் கடதாசியைத் தொடர்ந்து வரும் தீர்ப்புக்கு அந்த அதிகாரம் உண்டு. இதைச் சனங்கள் விளங்கிக்கொண்டால் பாதிக் குடும்பங்கள் இரண்டாம் கடனுக்குள் விழாமல் தப்பும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறோம்.

இலங்கையில் ஒருவரின் சம்பளத்தைக் கடனுக்காகப் பிடிக்கப் பிரதானமாக இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று அவருடைய சொந்தக் கையொப்பம். மற்றது நீதிமன்றத் தீர்ப்பு.

வன்னியில் அதிகம் பேரைப் பிடிப்பது கையொப்பம்தான். ஆசிரியர், தாதியர், பிரதேச செயலக உத்தியோகத்தர் ஆகியோர் வங்கிக் கடன் எடுக்கும்போது சம்பளத்தை அந்த வங்கிக்கே அனுப்புவதாகத் திணைக்களம் உறுதிக் கடிதம் கொடுக்கிறது. தவணை கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. இது கடனாளிக்குத் தெரிந்த விடயம். தெரியாமல் மாட்டுப்படுகிறவர் பிணை நின்றவர். கூட வேலை செய்கிறவர் கேட்கிறார் என்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கட்டுக்குள், 'கடனாளி தவறினால் எனது சம்பளத்திலிருந்து கழிக்கச் சம்மதிக்கிறேன்' என்ற கடிதமும் இருக்கும். 'முதலில் கடனாளியிடம் அறவிட்டுவிட்டு வாருங்கள்' என்று கேட்கும் உரிமையைக் கைவிடுவதாக ஒரு வாசகமும் இருக்கும். அந்த வாசகம் இருந்தால் வங்கி கடனாளியைத் தேடி அலையத் தேவையில்லை, நேரே பிணையாளியிடம் வரலாம். சம்பளச் சீட்டில் புதுக் கழிவு ஒன்றைக் கண்டால் முதல் வேலை, சம்பளம் போடும் உங்கள் திணைக்களத்தின் கணக்குக் கிளைக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, எந்தக் கடிதத்தை வைத்துக் கழிக்கிறார்கள் என்று கேட்டு அதன் பிரதியை எடுப்பது. கையொப்பமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல், வங்கி அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தை மட்டும் வைத்துக் கழித்தால் அதை எதிர்க்கலாம். சரியான கையொப்பம் இருந்தால் கழிவை நிறுத்துவது கடினம். ஆனால் கட்டிய ஒவ்வொரு சதத்தையும் கடனாளியிடம் திரும்பக் கேட்கவும், கூடப் பிணை நின்றவரிடம் அவருடைய பங்கைக் கேட்கவும் பிணையாளிக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையை நிலைநாட்டச் சம்பளச் சீட்டுகளே சாட்சி. ஒன்றையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

கடனட்டை விடயத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கடனட்டையும் எடுத்தவர்கள் அட்டை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அட்டை நிலுவைக்காக உங்களுடைய வேறு கணக்குகளில் உள்ள பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். வழக்கும் இல்லை, கட்டளையும் இல்லை. 25ஆம் திகதி சம்பளம் விழுகிறது, காசு இயந்திரத்தில் போய்ப் பார்த்தால் மீதி இல்லை. ஆகவே அட்டை ஒரு வங்கியிலும் சம்பளம் இன்னொரு வங்கியிலும் இருப்பது நல்லது. ஏற்கெனவே நிலுவையில் விழுந்தவர், சம்பள உறுதிக் கடிதம் எதுவும் கொடுத்திராவிட்டால், கணக்கை மாற்றும்படி கணக்குக் கிளையில் கேட்கலாம். இது கடனை ஏமாற்றும் வேலை இல்லை. அரிசிக்கும் பிள்ளையின் பஸ் காசுக்கும் உரிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டக்கூடிய தொகையைப் பேசித் தீர்ப்பதற்கான வழி.

கடனட்டை எப்படி ஊதுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி அட்டை வட்டியை 18 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2022 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது, அதே ஆண்டில் அட்டை வட்டி 36 வீதம் வரை ஏறியது. பிறகு இறங்கினாலும் பழைய 18க்கு வரவில்லை. 28 வீதம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 100,000 ரூபா நிலுவைக்கு ஒரு மாத வட்டி ஏறக்குறைய 2,333 ரூபா. ஆகக்குறைந்த கட்டணமாக 5 வீதம், அதாவது 5,000 ரூபா கட்டினால் முதற்தொகையில் குறைவது 2,667 ரூபா மட்டுமே. ஒன்றும் கட்டாமல் விட்டால் ஆறு மாதத்தில் வட்டியோடு 114,800 ரூபாவைத் தாண்டும், தாமதக் கட்டணம் அதற்கு மேல். முழு நிலுவையையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாச் சலுகைக் காலமும் போய்விடும், அதற்குப் பிறகு வாங்கும் பால்மாவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அட்டையால் காசு எடுத்தால் எப்போதுமே அன்றிலிருந்து வட்டி. ஆகவே கட்டமுடியாது என்று தெரிந்த மாதமே அட்டையைப் பாவிப்பதை நிறுத்தி, நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேட்பதுதான் மலிவான வழி. மூன்று மாதம் தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிட்டுக் கேட்டால் அதே சலுகை கிடைப்பது அரிது.

நுண்கடன்களில் கணக்கு இதைவிடக் கொடியது, ஏனென்றால் அங்கே வட்டி வீதம் என்று சொல்லப்படுவது உண்மையான வீதம் இல்லை. '24 வீதம்' என்று 50,000 ரூபா ஒரு வருடத்துக்குக் கொடுக்கிறார்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா. முதல் கிழமையிலிருந்தே முதற்தொகை குறைந்துகொண்டு வருகிறது, வட்டியோ முழு 50,000க்கும் வருடம் முழுக்கப் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 3,000 ரூபாவைக் கழித்து 47,000ஐக் கையில் தந்தால் 57 வீதம். 2018இல் அரசு நுண்கடனுக்கு 35 வீத உச்சவரம்பை அறிவித்ததையும், அதே ஆண்டு வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்குக் குறைந்த, தவறிய நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்ததையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கடன் எடுக்க முன் 'கையில் எவ்வளவு தருவீர்கள், கிழமைக்கு எவ்வளவு, எத்தனை கிழமை' என்ற மூன்றையும் எழுதி வாங்கினாலே உண்மை தெரியவரும்.

இனி அறவிட வருகிறவரைப் பற்றி. அவர் ரிக்கவரி ஒபிசராக இருந்தாலும், வங்கி அமர்த்திய முகவராக இருந்தாலும், அவர் செய்யக்கூடியது கேட்பது மட்டும்தான். வீட்டுக்குள் நுழையவோ, ரிவியையும் தையல் மெஷினையும் தூக்கவோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லவோ, இரவில் முற்றத்தில் குந்தியிருக்கவோ அவருக்கு உரிமை இல்லை. அத்துமீறி நுழைவதும் பயமுறுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். 'பொலிஸில பிடிச்சுக் குடுப்பம்' என்பதும் வெறும் மிரட்டலே. கடன் கட்ட முடியாமை குடியியல் விடயம், அதற்காகப் பொலிஸார் கைதுசெய்ய முடியாது. இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு காசோலை. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த காசோலை திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் அது குற்றம். 'சும்மா பாதுகாப்புக்குத்தான்' என்று திகதி போடாத காசோலையில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். வெற்றுக் கடதாசியில் கையொப்பம் கேட்பதும் அதே வகைதான்.

வந்தவரிடம் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கேளுங்கள். பெயர், நிறுவனம், தொலைபேசி எண், வந்த நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடன் பேரேட்டின் பிரதி கேளுங்கள்: முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்ட வட்டி எவ்வளவு, வேறு கட்டணம் எவ்வளவு, கடைசியாகக் கட்டிய திகதி எது என்று தனித்தனியாக. பணம் கட்டுவதானால் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். வந்தவரின் சொந்தக் கணக்குக்கோ கைத்தொலைபேசி எண்ணுக்கோ காசு போட்டால், பிறகு அது கடனில் சேரவில்லை என்றால் நிரூபிக்க வழியில்லை. குழுக் கடன் கொப்பியில் திகதி, தொகை, கையொப்பம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். காசை வாங்கிவிட்டு 'அடுத்த கிழமை சேர்த்துப் போடுறன்' என்று கையொப்பக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் போவதுதான் பெரும்பாலான தகராறுகளின் வேர். கையொப்பம் விழுந்த பிறகே காசு கைமாற வேண்டும்.

பழைய கடன் தேடி வந்தால் இன்னும் கவனம் தேவை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்கு வைக்க ஆறு வருடம், எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருடம். சொத்தை ஈடு வைத்த கடனுக்கு இதைவிட நீண்ட காலம் உண்டு. இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, 'கடன் உண்மைதான்' என்று எழுதிக் கொடுத்தாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். 'ஒரு ஐந்நூறு ரூபாவாவது தாங்கோ அம்மா, மேலிடத்துக்குக் காட்ட' என்று கேட்பதன் பொருள் பல நேரம் இதுதான். கடைசியாகக் கட்டிய திகதியைப் பார்க்காமல் ஐந்நூறும் கொடுக்கக் கூடாது. காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும் வழக்கில் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது உதவாது.

பேசித் தீர்ப்பதற்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். கடன் இலக்கம், இப்போதைய மாத வருமானம், தவிர்க்க முடியாத செலவு, கட்டக்கூடிய தொகை, கட்டும் திகதி. வயல்காரர் காலபோக அறுவடை முடியும் பங்குனியை ஒட்டி ஒரு பெரிய தவணையும், மற்ற மாதங்களில் சிறிய தவணையும் கேட்கலாம். நெல் விற்கும் வரை காசைக் காணாத குடும்பத்தை ஒவ்வொரு கிழமையும் கட்டச் சொல்வதுதான் தவறலுக்கே காரணம். முடியாத தொகையைச் சொல்லி ஒப்புதல் வாங்காதீர்கள். இரண்டாம் மாதமே தவறினால் அடுத்த பேச்சுக்கு மதிப்பில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். 'மொத்தமாக இவ்வளவு கட்டினால் மிச்சத்தை விடுகிறோம்' என்று முகவர் சொன்னால், அது முழுமையான இறுதித் தீர்வு என்று வங்கியின் கடிதத் தலைப்பில் எழுத்து வந்த பிறகே காசு. கட்டி முடித்ததும் நிலுவையில்லைக் கடிதத்தை வாங்கி, சில மாதம் கழித்து கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தன் அறிக்கையைப் பெற எவருக்கும் உரிமை உண்டு.

இப்போது அந்த உறைக்கு வருவோம். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தில் அவருடைய பெயரும் முகவரியும் மேலே இருக்கும், இத்தனை நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு என்று எழுதியிருக்கும். அது எச்சரிக்கை. அதற்குப் பதில் எழுதலாம். நீதிமன்ற அழைப்பாணையில் வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, தோன்ற வேண்டிய திகதி எல்லாம் இருக்கும். பதிவுத் தபாலிலோ, நீதிமன்றக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பிஸ்கல் உத்தியோகத்தர் அல்லது கிராம அலுவலர் மூலமோ வரும். அந்தத் திகதியில் போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், போகாததற்குத் தகுந்த காரணம் காட்டி, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவின்கீழ் அதை நீக்கக் கேட்கலாம். 15ஆம் நாள் அந்த வாசல் மூடிக்கொள்ளும். வங்கிகள் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் வைக்கும் வழக்கு இன்னும் இறுக்கம். அங்கே எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதற்குச் சத்தியக்கடதாசி வேண்டும். குத்தகை வாகனக் கடன்களில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்பது, பற்றிய அறிவித்தல் என்றும் ஒரு கடிதம் வரும். நீதிமன்ற முத்திரை இல்லையே என்று அதைப் போட்டுவிடக் கூடாது, அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தில் பதிந்து நிறைவேற்றலாம்.

வழக்கு என்றதும் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பது தவறு. சாதாரணப் பண வழக்கில் போய் நின்று கடனை ஒப்புக்கொண்டு, வருமானத்தைக் காட்டி, தவணையில் கட்ட அனுமதி கேட்டால், அப்படித் தீர்ப்பளிக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 194ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. போகாதவருக்கு அதைக் கேட்க வழியில்லை. தீர்ப்பு நிறைவேற்றத்துக்கு வந்தாலும் அதே கோவையின் 218ஆம் பிரிவு பல பொருட்களைக் காக்கிறது: உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய உழவுக் கருவிகளும் மாடும் விதைநெல்லும், அரச ஓய்வூதியம், கூலித் தொழிலாளரின் கூலி. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தையும் கடன்காரர் பிடிக்க முடியாது.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் முகவரி. இடம்பெயர்ந்து மீளக்குடியேறியவர்கள், காணி மாறியவர்கள், அடையாள அட்டையில் பழைய முகவரியோடு இருப்பவர்கள் ஏராளம். அழைப்பாணை பழைய வளவுக்குப் போகிறது, தீர்ப்பு மட்டும் ஆளைத் தேடி வருகிறது. கடன் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிய முகவரியை எழுத்தில் அறிவித்துப் பிரதி வைத்திருங்கள்.

சிறு கடன்கள் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்கு வருகின்றன. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. சபையின் பட்டியலிலிருந்து ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களுக்கும் உண்டு. சபை தீர்ப்பு வழங்குவதில்லை, இணங்கினால்தான் இணக்கம். கணக்கறிக்கை இல்லாமல் நிறுவனம் வந்தால் அடுத்த தவணைக்குக் கொண்டுவரும்படி கேளுங்கள். மண்டபத்தில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் முடியாத தொகைக்குக் கையொப்பம் போடுகிறவர்கள்தான் அதிகம். அதைவிட இணக்கமின்மைச் சான்றிதழோடு நீதிமன்றம் போவது மேல்.

துன்புறுத்தல் தொடர்ந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம். தொலைபேசி 1935. கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரே போய் விபரம் கேட்கலாம். 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் மத்திய வங்கி ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். பதிவில்லாத வட்டிக்காரருக்கு அவை பொருந்தாது, அவர் மிரட்டினால் பொலிஸ்தான். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் போடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். வழக்குக்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் தம் மாவட்டச் சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கு அழைப்பாணையையும் வருமான விபரத்தையும் கொண்டு போகலாம். திகதிக்கு முதல் நாள் போகாமல், கடிதம் கிடைத்த கிழமையே போங்கள்.

வலயக் கல்விப் பணிமனைகளினதும் சுகாதாரப் பணிமனைகளினதும் கணக்குக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிணையாளி ஒருவரின் சம்பளத்தில் கழிவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாக, வங்கி அனுப்பிய கோரிக்கையினதும் அவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தினதும் பிரதியை அவரிடம் தமிழில் ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் கடனாளியைப் பிடித்து வங்கிக்குக் கூட்டிச் சென்று பேச முடியும். சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் விடயம் தெரியவருகிறது என்றால் அதற்குள் முதல் தவணை போய்விடுகிறது.

இப்படிக்கு,
கடன் ஆலோசனைப் பணியில் உள்ள சிலர்,
கிளிநொச்சி – முல்லைத்தீவு